பாதி ஆம்லெட்

என் மகன் பரணிதரன் கணக்கில் புலி என்று புதுவாயல் முழுக்கச் சொல்லி வைத்தது நான்தான். அவனாகச் சொல்லவில்லை, பாவம். அவனுக்கு அந்த அளவுக்குத் துணிச்சல் கிடையாது.

அவன் எட்டாவது, தங்கை இளமதி ஆறாவது. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு, மகனுக்குக் கணக்கு வரவில்லை, மகளுக்கு வாயே வரவில்லை என்றார்கள். இளமதிக்கா வாய் வரவில்லை! டிவி ரிமோட்டுக்காக அவள் போடுகிற சத்தம் ஹைவேயில் போகும் கன்டெய்னர் லாரிக்காரனுக்கே கேட்கும். ஆனால் வெளி ஆள் நாலு பேர் பார்த்துவிட்டால் போதும், வாயில் பூட்டு விழுந்துவிடும். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவாள். அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்பது பெற்றவளுக்கே தெரியாது.

அப்போதுதான் ஹேமாவதி மிஸ் கிடைத்தார். திருவள்ளூரில் தன் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்கு எடுப்பவர். அண்ணன் தங்கை, கூடப் படிக்கிற சிநேகிதர்கள் என்று நாலு பேர் சேர்ந்தால் ஒரு குரூப். எங்கள் வீட்டு இரண்டோடு, பரணியோடு படிக்கிற அன்புசெல்வனையும் பார்த்திபனையும் சேர்த்துவிட்டேன். அவர்கள் அவரவர் வீட்டில் ஆளுக்கொரு போனில் உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் என் போன்தான். ஏழு மணிக்கு அதை மேஜையில் உப்பு ஜாடியின் மேல் சாய்த்து வைத்தால் வகுப்பு ஆரம்பம்.

மிஸ் போட்ட முதல் சட்டம், அம்மாக்கள் கேமராவுக்குக் குறுக்கே போகக்கூடாது. என் கணவர் கணேசனுக்கு அந்த நேரத்தில் தேர்வாய் கண்டிகை தொழிற்சாலையில் ஷிஃப்ட். நான் சமையலறையிலேயே அடைந்து கிடப்பேன். கண்ணால் பார்க்க முடியாது, காதால் கேட்கலாம்.

"வெரிகுட் பரணி! எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

"மனசுலயே போட்டேன் மிஸ்."

நான் எண்ணெயில் விட்ட பூரி மாதிரி உப்பிப் போவேன். அதுவும் போதாதென்று, வகுப்பு முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும், தன் ஆம்லெட்டில் பாதியைக் கிள்ளித் தங்கை தட்டில் வைப்பான். படிப்புக்குப் படிப்பு, பாசத்துக்குப் பாசம். இப்படி ஒரு பிள்ளையைப் பெற நான் என்ன தவம் செய்தேன் என்று கணவரிடம் கேட்டேன்.

"என் ரத்தமாச்சே, சும்மாவா?" என்றார். ரேஷன் கடையில் மீதிச் சில்லறை எண்ணத் தெரியாமல் கொடுத்ததை அப்படியே வாங்கி வருகிற மனிதர் அவர்.

ஒரு வெள்ளிக்கிழமை மிஸ் எனக்குப் போன் செய்தார். திங்களிலிருந்து பரணியை ஃபாஸ்ட் பேட்ச்சுக்கு மாற்றுகிறாராம். அதில் சேர்வதே கஷ்டமாம். நான் அந்த சந்தோஷத்திலேயே இருந்ததால் அடுத்துச் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

"இளமதி எதுக்குமே பதில் சொல்றதில்லைங்க. அஞ்சாவது பசங்களோட உட்கார வெச்சு வாய்ப்பாட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன்."

சரி என்று சொல்லிவிட்டு நேராக எல்லம்மா மாவுக் கடைக்குப் போனேன். எல்லம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னால் கும்மிடிப்பூண்டி வரைக்கும் போய்ச் சேரும். அதற்காகத்தான் சொன்னேன்.

வீட்டில் இரண்டு பிள்ளைகளின் முகமும் சரியில்லை. அன்று ரிமோட்டுக்குச் சண்டையே இல்லை. "அஞ்சாவது பசங்களோடயாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இளமதி படுத்துக்கொண்டாள். ஃபாஸ்ட் பேட்ச் கிடைத்தவனோ ஜுரம் வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் குழம்பு கொதிக்கும்போதுதான் உப்பு எடுத்து வைக்க மறந்தது தெரிந்தது. ஜாடியோ போனுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. சட்டத்தை மீறாமல் இருக்க, கேமராவில் படாதபடி தரையோடு தவழ்ந்து போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம், போனுக்குப் பின்னால், இளமதி குந்தியிருந்தாள். மிஸ் கேள்வி கேட்டார். இளமதியின் உதடு அசைந்தது. பரணியின் வாயிலிருந்து பதில் வந்தது. கோயில் திருவிழாவில் பொம்மலாட்டம்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது.

வகுப்பு முடிந்ததும் இருவரையும் பிடித்தேன்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"மொதல்லருந்தே," என்றான் பரணி. "மிஸ் கேட்டா இவ பேசமாட்டா, போனுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு எனக்கு மட்டும் சொல்லுவா. சும்மா ஒருவாட்டி நான் சொல்லிட்டேன். மிஸ் வெரிகுட்னு சொல்லிட்டாங்க. அப்புறம் நிறுத்த முடியலமா."

"அந்த ஆம்லெட்டு?"

"அது கூலி," என்றாள் இளமதி.

என் பிள்ளையின் பாசம் அத்தோடு போயிற்று.

"திங்கக்கெழம மிஸ்கிட்ட நீயே சொல்ற. இல்லன்னா நான் சொல்லுவேன்," என்றேன். அழப்போகிறான் என்று பார்த்தால், அழுதது இளமதி.

"வேணாம்மா. தெரிஞ்சா என்னை அங்க பேசச் சொல்லுவாங்க. நாலு பேரு பாத்துக்கினு இருந்தா எனக்கு வாயே வரமாட்டேங்குது. நான் சின்னப் பசங்களோடயே குந்திக்கிறேன்."

எட்டாவது கணக்கைத் தரையில் குந்தியபடி போடுகிற பெண், வாயைத் திறக்கப் பயந்து, மறுபடி ஈரெண்டு நாலு சொல்லப் போகிறேன் என்கிறாள். மகன் புலியில்லை என்பதைவிட இதுதான் எனக்கு வலித்தது.

திங்கட்கிழமை வந்தது. திரையில் எல்லாம் புது முகங்கள். நான் கரண்டியோடு சமையலறை வாசற்படியிலேயே நின்றுவிட்டேன், சட்டமாவது ஒன்றாவது.

"இவன்தான் பரணி, எல்லாம் மனசுலயே போடுவான்," என்று மிஸ் அறிமுகம் செய்துவிட்டுக் கேட்டார். "ஒரு எண்ணோட மூணுல ஒரு பங்கையும், அதே எண்ணோட பாதியையும் கூட்டினா இருபத்தஞ்சு. அந்த எண் என்ன?"

இளமதி வழக்கப்படி போனுக்குப் பின்னால் இருந்தாள். பரணி மிஸ்ஸையே பார்த்துச் சொன்னான்.

"எனக்குத் தெரியாது மிஸ். நான் இதுவரைக்கும் சொன்னது எல்லாமே இவ சொல்லிக் குடுத்தது."

சொல்லிவிட்டுப் போனை எடுத்து அப்படியே திருப்பி வைத்தான். ஜடையைக் கடித்தபடி குந்தியிருந்த இளமதியை எல்லா முகங்களும் பார்த்தன.

மிஸ் திட்டவில்லை. "உன் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம் பரணி. இளமதி, நீ சொல்லும்மா. நீ வாயைத் திறந்தாதான் உன்னை இங்க வெச்சுக்க முடியும்."

அவள் வாய் திறக்கவில்லை. கண் கலங்கியது. விடை அவள் தொண்டையில் நிற்பது எனக்குத் தெரிந்தது. சொல்லுடி, சொல்லுடி என்று எனக்குள்ளேயே அடித்துக்கொண்டேன். மிஸ் பெருமூச்சு விட்டு, "சரி, பரவாயில்ல..." என்று ஆரம்பித்தார்.

இப்போது போனுக்குப் பின்னால் இருந்தது பரணி. தங்கை படும் பாட்டைப் பார்க்க முடியாமல், குனிந்து கிசுகிசுத்தான்.

"பன்னண்டுடி. பன்னண்டு சொல்லு."

"பன்னண்டா?" வீடே அதிர்ந்தது. ரிமோட் சண்டையில் வருகிற அதே குரல். "மூணுல ஒரு பங்கு நாலு, பாதி ஆறு, மொத்தமே பத்துதான்டா வருது! முப்பதுடா! பத்தும் பதினஞ்சும் இருபத்தஞ்சு! இதுகூட தெரியாம எட்டாவதுல இன்னா பண்ணிக்கினுகீற?"

திரையில் ஒரு பையன் சிரித்தான். மிஸ்ஸும் சிரித்துவிட்டார். இளமதிக்கு அப்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கையை எடும்மா," என்றார் மிஸ். "அடுத்த கணக்கு."

அதற்கும் அவளேதான் பதில் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள். இளமதி ஃபாஸ்ட் பேட்ச்சில் இருக்கட்டும், பரணி பழைய குரூப்புக்கே போகட்டும் என்று முடிவானது. எல்லம்மாவிடம் நாளைக்கு எந்த முகத்தோடு போவது என்று யோசித்தபடி ஆம்லெட் போட்டேன்.

"ஏன்டா, அவ பேசணும்னுதான் வேணும்னே தப்பா சொன்னியா?" என்று கேட்டேன், கடைசியாக ஒரு ஆசையில்.

"வேணும்னே தப்பா சொல்லணும்னா கரெக்டு தெரிஞ்சிருக்கணுமேம்மா," என்றான் பரணி. இன்று கூலி கொடுக்க வேண்டியதில்லை என்பதால் தன் ஆம்லெட்டை முழுசாகத் தின்றுகொண்டிருந்தான்.

இளமதி தன்னுடையதில் பாதியைக் கிள்ளி அவன் தட்டில் வைத்தாள்.

"இது இன்னாத்துக்கு?"

"பன்னண்டுக்கு," என்றாள்.