அலமாரிக்குள் ஒரு டிக்

நான் அலமாரிக்குள் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஹாலை ஒட்டி, சுவருக்குள் கட்டிய பெரிய துணி அலமாரி அது. தொங்கும் கோட்டுகளுக்கும் கம்பளிகளுக்கும் நடுவே ஒரு முக்காலி, ஒரு மைக். துணி எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால் இதைவிட நல்ல ஸ்டூடியோ எனக்குக் கிடையாது. "மூன்றாம் தளம். கதவு திறக்கிறது" என்று லிஃப்டில் ஒருத்தி சொல்வாளே, அது நான். போனில் "ஒன்றை அழுத்தவும்" என்று உங்களை அலைக்கழிக்கிறவளும் நான்தான். தயவுசெய்து திட்டாதீர்கள்.

போன வருஷம் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் பார்த்த வேலையை விட்டபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். என் கணவர், "சரி, பாரு" என்றதோடு சரி. எங்களோடு இருக்கும் மாமனார் மட்டும், "அலமாரிக்குள்ள உக்காந்து பேசறதுக்கு யாரும்மா காசு குடுப்பாங்க?" என்று கேட்டார். கேலியா சந்தேகமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

இந்த மாதம்தான் பெரிய ஆர்டர் ஒன்று தேடி வந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் போன் குரல் முழுவதும் நானே. மாதிரிக்குப் பேசி அனுப்பினேன். ஆர்டர்காரர் கூப்பிட்டார்.

"குரல் அருமை மேடம். ஆனா பின்னாடி ஒரு டிக் சத்தம் கேக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தமா அனுப்புங்க. இல்லேன்னா ஸ்டூடியோ வெச்சிருக்கிறவங்க யாருக்காவது குடுத்துடுவோம்."

இது கைநழுவினால் திரும்பவும் கணக்குப் பிரிவுதான். பழைய மேலாளர் வேறு, "உங்க சீட் இன்னும் காலியாத்தான் இருக்கு" என்று அவ்வப்போது போன் செய்து நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். உண்மைதான். டிக். நகத்தால் கண்ணாடியைச் சுண்டியது போல, மிகச் சின்னதாக.

எங்கள் வீட்டில் சத்தமா? என்னால் நம்ப முடியவில்லை. வேலை தொடங்கிய கையோடு காலிங் பெல்லின் வயரைப் பிடுங்கியவள் நான். டிவிக்குச் சாயங்காலம் வரை ஓய்வு. வீட்டுக்குள் செருப்பு கூடாது. மாமாவின் சிநேகிதர் ஒருவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், தினமும் வந்து வீடு அதிரச் சிரித்துப் பேசிவிட்டுப் போவார். அவரிடமும் பக்குவமாகச் சொல்லிவிட்டேன். மனிதர் வருவதையே நிறுத்திக்கொண்டார். தொல்லை விட்டது என்று அப்போது நினைத்தேன்.

சரி, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றினேன். ஃப்ரிட்ஜை அணைத்தேன். டிக் போகவில்லை. சுவருக்குள் குழாய் ஏதாவது சொட்டுகிறதோ என்று பிளம்பரை வரவழைத்தேன். அவர் சுவரில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவ்வளவு அமைதியான வீட்ட நான் பாத்ததே இல்லீங்க. வேற யாரும் இல்லையா?"

மாமா சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். பிளம்பர் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டு ஒரு வணக்கம் வைத்தார்.

பயம் ஒரு பக்கம் இருக்க, எனக்கு அந்தச் சத்தத்தின் மேல் ஆர்வமே வந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் வெறும் அலமாரியைப் பதிவு செய்து பார்த்தேன். டிக் இல்லை. பேசினால் மட்டும் வந்தது. அதுவும் நான் பேசும்போது இல்லை. ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு விடும் இடைவெளியில் வந்தது. அப்படியென்றால் ஏதோ ஒன்று எனக்குப் பதில் சொல்கிறது. கணவரிடம் சொன்னால், "பேயா இருந்தா வாடகை கேளு" என்கிறார். மனுஷனுக்கு எல்லாமே வேடிக்கைதான்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கணவர் வேலைக்குப் போன பிறகு அலமாரிக்குள் நுழைந்தேன். மைக் உள்பக்கச் சுவரில் இருப்பதால் என் முதுகுதான் கதவைப் பார்த்திருக்கும். மூச்சு முட்டக்கூடாதென்று கதவில் ஒரு கை அகலம் இடைவெளி விட்டிருப்பேன்.

"எங்கள் பிரதிநிதி விரைவில் உங்களுடன் பேசுவார்" என்று சொல்லி முடித்ததும் வெடுக்கென்று திரும்பிக் கதவைத் தள்ளினேன்.

வெளியே சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துப் போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. 'பேசுவார்' என்று சத்தமில்லாமல் சொல்லி வாயை மூடினார். டிக். அவருடைய பல்செட்.

"மாமா!"

பதறி எழுந்தார். "சத்தம் போட்டுட்டனாம்மா? வாய்க்குள்ளதான சொன்னேன்?"

"இங்க என்ன பண்றீங்க?"

"சும்மாதான். நீ சொல்றத நானும் கூடவே சொல்லிப் பாப்பேன். ஒரு பேச்சுத்துணை மாதிரி."

"தினமுமா?"

"நீ உள்ள போனதும் வந்துடுவேன். எவ்வளவு மரியாதையாப் பேசற நீ! கேட்டுட்டே இருக்கலாம்."

மனசார மெச்சித்தான் சொன்னார். எனக்கு அப்போது அதைக் காதில் வாங்க நேரமில்லை. ஆர்டர் விஷயத்தைச் சொன்னதும் என்னைவிட அவர்தான் அதிகம் பதறினார். உடனே பல்செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டு, அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கேட்கலாமா என்று ஜாடையில் கேட்டார். தலையாட்டினேன்.

அத்தனையும் சுத்தமாக வந்தது. அனுப்பினேன். சாயங்காலமே பதில் வந்துவிட்டது.

"மாமா, ஆர்டர் நமக்குத்தான்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் பொக்கைவாய் நிறையச் சிரித்தார். இரண்டு கையையும் தூக்கித் தட்டினார். உள்ளங்கைகள் ஒன்றோடொன்று படவே இல்லை. சத்தம் வராமல் கைதட்டப் பழகியிருந்தார்.

"வேலை முடிஞ்சிடுச்சு மாமா. பல்ல மாட்டிக்கோங்க."

"இருக்கட்டும்மா. சாப்பிடறப்ப மாட்டிக்கறேன். அதுவரைக்கும் யார்கிட்டப் பேசப் போறேன்?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால்கூட ஏதாவது சமாளித்திருப்பேன். டம்ளரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"எங்கிட்டப் பேசுங்க மாமா."

அவர் பல்லை மாட்டிக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்னம்மா பேசறது?"

எனக்கும் உடனே ஒன்றும் தோன்றவில்லை.