ஊதாப்பூ போட்ட மூன்றாவது பை

அப்போதெல்லாம் எங்கள் ஆர்கன்சாவில் கோழித் தீவனம் பூப்போட்ட துணிப்பையில்தான் வரும். தீவனத்தைக் கோழி தின்னும், பையை நாங்கள் உடுத்துவோம். எனக்கு ஒரு கவுன் தைக்க அம்மாவுக்கு ஒரே டிசைனில் மூன்று பை வேண்டும். ஊதாப்பூ போட்டதில் இரண்டுதான் சேர்ந்திருந்தது. அதில் உடம்பு தைத்தாயிற்று, கைகளுக்குத் துணி இல்லை.

"இதே ஊதாப்பூதான் வேணும், எல்பர்ட். போன தடவை மாதிரி ஏதோ ஒரு பூவோட வந்து நிக்காதீங்க" என்று அம்மா மாதிரிக்கு ஒரு துண்டுத் துணியை வெட்டி அப்பாவின் சட்டைப்பையில் திணித்து அனுப்பினாள்.

சாயங்காலம் அப்பா தோளில் ஊதாப்பூ மூட்டையோடு வந்தார். கக்கத்தில் ஒரு பன்றிக்குட்டி வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு?"

"உன்னோட பூ பன்றித் தீவனத்துலதான் இருந்துச்சு. அவ்வளவு தீவனத்தையும் வீணாக்கச் சொல்றியா?"

அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் முழுக்கைக் கவுனில் சர்ச்சுக்குப் போனேன். மிஞ்சிய துணி இன்றைக்கும் என் ஒட்டுப்போர்வையில் நடுநாயகமாக இருக்கிறது.

அடுத்த வாரம் கடையில் என் தங்கை லூடி, செர்ரிப்பழம் போட்ட பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள்.

"அது வான்கோழித் தீவனம்டி. நம்மகிட்ட ஏது வான்கோழி?" என்றேன்.

அப்பா அந்த மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் சுத்தியலை எடுத்துக்கொண்டு கூண்டு அடிக்கப் போய்விட்டார்.