ஏழு வயதுக்குட்பட்டோருக்கான உயர்திறன் திட்டம்

கால்பந்துக் கழகத்தின் செயலாளர் வார நாட்களில் மெத்தை விற்பார். தோளில் சுமந்துகொண்டு தெருத்தெருவாகப் போகிறவர் இல்லை. ஒரு மெத்தைக் கம்பெனியின் வட்டார விற்பனை மேலாளர். ஊரையெல்லாம் தூங்கவைத்துச் சம்பாதிக்கிற மனிதர் சனிக்கிழமை வந்தால் வீட்டில் ஒருவரையும் தூங்கவிடமாட்டேன் என்கிறார் என்பது அவர் மனைவியின் நெடுநாள் புகார். விடிந்தும் விடியாமல் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். அவர் பயிற்சியாளர் இல்லை, நடுவரும் இல்லை. பிறகு விசில் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் ஊதிக் காட்டிவிடுவாரோ என்ற பயம்தான்.

கழகத்தில் ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. அதை நடத்துபவர் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி ஆசிரியை. பெரியவர்களுக்கு கோச் மேடம், சின்னவர்களுக்கு கோச் அக்கா. மைதானத்தின் ஓரத்தில், கார்கள் நிற்கும் இடத்தை ஒட்டிய ஒரு துண்டு நிலம்தான் அவருடைய ராஜ்யம். அங்கே எல்லாமே சின்னது. பந்து சின்னது, ஆளுக்கு ஒன்று. கோல் சின்னது, செயலாளர் குறுக்கே உட்கார்ந்தால் அடைபட்டுவிடும். ஆட்டம் என்றால் பக்கத்துக்கு நான்கு பேர். கோல்கீப்பர் கிடையாது, ஸ்கோர் எழுதுவதும் கிடையாது.

முதன்முறை பார்க்கிறவர்களுக்கு அது கால்பந்து என்றே தோன்றாது. குழந்தைகளெல்லாம் பஸ்கள். காலடியில் உள்ள பந்து, பயணி. 'சிவப்பு' என்றால் பந்தின்மேல் பாதத்தை வைத்து நிற்க வேண்டும், 'பச்சை' என்றால் ஓட்ட வேண்டும். பயணியைத் தவறவிட்ட பஸ் வளைந்து திரும்பிவந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். இப்படித் திரும்பித் திரும்பியே அந்தப் பொடிசுகள் இரண்டு காலாலும் பந்தை அழகாக இழுத்துப் போகக் கற்றுக்கொண்டிருந்தன. கற்றுக்கொண்டது அவர்களுக்கே தெரியாது. தெரிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பது கோச்சின் கட்சி.

ஒரே ஒரு பஸ் மட்டும் அடிக்கடி ஓரமாக நின்று டீசல் போட்டுக்கொண்டிருக்கும். அதுதான் செயலாளரின் மகள். வீட்டிலும் வெளியிலும் அவளுக்கு வண்டு என்றுதான் பெயர்.

மகள் டீசல் போடுவதைச் செயலாளரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் யாரோ பெரிய ஆட்டக்காரர்கள் ஓடுவதைச் சோபாவில் படுத்தபடி பார்த்து முடித்த வேகத்தில், எழுந்து உட்கார்ந்து 'ஏழு வயதுக்குட்பட்டோருக்கான உயர்திறன் திட்டம்' என்ற ஒன்றை எழுதிவிட்டார். அதில் தொலைநோக்கு இருந்தது, ஆளுமைக் கட்டமைப்பு இருந்தது, விழுமியங்களும் ஏராளமாக இருந்தன. பஞ்சையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே இருந்த சங்கதி கொஞ்சம்தான். குழந்தைகள் இனி முழு மைதானத்தில், முழு அளவுப் பந்தில், பக்கத்துக்குப் பதினொரு பேராக ஆடுவார்கள். ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்கப்படும், அதைவிட்டு அசையக்கூடாது. தேர்வு வைத்துத் திறமைசாலிகளை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் 'விடுவிக்கப்படுவார்கள்'. ஷூ லேஸை இன்னும் அம்மாவிடம் நீட்டுகிற ஆளை எந்தப் பொறுப்பிலிருந்து விடுவிப்பது என்று திட்டத்தில் விளக்கம் இல்லை.

கோச் மேடத்துக்கும் ஒரு பதவி உயர்வு இருந்தது. உபகரணப் பொறுப்பாளர். பந்துக்குக் காற்றடிக்கிற வேலை.

காற்றடிப்பது பற்றி அவருக்குக் கவலையில்லை. அவரை உறுத்தியது அந்த 'விடுவிப்பு'தான். வந்த புதிதில் அப்பாவின் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதே மைதானத்தை ஈரமாக்கிய பல் டாக்டர் மகன், இப்போதெல்லாம் பயிற்சி முடிந்த பிறகும் வீட்டுக்கு வரமாட்டேன் என்று கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான். தேர்வு என்று ஒன்று வைத்தால் முதலில் வெளியே போகிறவன் அவன்தான். அப்புறம் ஆயுசுக்கும் பந்து இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். அப்படி இன்னும் பாதிப்பேர்.

செயற்குழு கூடியது. பழைய வலைகளும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கும் அறைதான் அலுவலகம். பொருளாளரான பல் டாக்டர், சட்ட ஆலோசகரான வக்கீலம்மா, இன்னும் சில அப்பாக்கள். செயலாளர் நெடுநேரம் பேசினார். இளமையிலேயே இறுக்கிப் பிடிக்காவிட்டால் தசை ஞாபகம் வராது என்றார். தசைக்கு ஞாபகம் இருப்பதை அன்றுதான் அறிந்த பல் டாக்டர் மரியாதையாகத் தலையாட்டினார். கோச் மேடம் சொன்ன எதுவும் எடுபடவில்லை. இந்த வயதில் பந்தைத் தொடத் தொடத்தான் கால் பழகும், பெரிய மைதானத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பந்தே கிடைக்காது என்றார். அது திட்டத்தின் பிற்சேர்க்கையில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. வாக்கெடுப்புக்குப் போகலாமா என்று செயலாளர் கேட்டபோது கோச் வேறு பக்கமாக வந்தார்.

"சார், உங்க ஷோரூம்ல படுத்துப் பாக்காம யாருக்காவது மெத்தை வித்திருக்கீங்களா?"

செயலாளர் நிமிர்ந்துவிட்டார். அவர் துறையில் கைவைத்தால் அவருக்கு உற்சாகம் பொங்கும். "கூடவே கூடாது மேடம். ஷூவக் கழட்டச் சொல்லி, படுக்கவச்சு, புரளச் சொல்லி, அப்புறம்தான் பில்லு. டெமோ இல்லாம சேல் இல்ல. அது நான் கொண்டுவந்த பாலிசி."

"அப்ப இதையும் படுத்துப் பாத்துட்டு ஓட்டுப் போடுங்க. வண்டு உங்க இடுப்பு உயரம். இந்த கிரவுண்டு அவளுக்கு எவ்வளவு பெருசோ, உங்களுக்கும் அவ்வளவு பெருசா ஒண்ணு போட்டுத் தரேன். உங்க திட்டப்படியே பெரியவங்க ஆடுங்க. புடிச்சிருந்தா பம்ப்பக் கையில குடுங்க, நான் காத்தடிக்கப் போயிடறேன்."

வக்கீலம்மா இதில் ஏதோ உள்குத்து இருக்கிறதென்று மோப்பம் பிடித்துச் செயலாளரின் முழங்கையைத் தட்டினார். செயலாளர் கவனிக்கவில்லை. அவர் கண்ணுக்கு அது ஏற்கெனவே தொடக்க விழாவாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. தன் அணிக்கு ஆரஞ்சு நிறச் சட்டைகள் தைக்கக் கொடுத்தார். முதுகில் எண், அதற்குமேல் 'உயர்திறன்'. பல் டாக்டரின் சட்டை தொப்பை தாண்டி இறங்க மறுத்ததால் அவருடைய உயர்திறன் கழுத்தருகே சுருண்டு நின்றது.

சனிக்கிழமை வந்தது. அக்கம்பக்கமாக இருந்த இரண்டு மைதானங்களை இணைத்து, அப்பாலிருந்த புல்வெளியையும் சேர்த்துக் கோச் மேடம் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். எதிர்முனை கோல் எங்கே என்று வக்கீலம்மா கேட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. கோல் என்று நட்டிருந்த கம்பங்களுக்கு நடுவே ஒரு லாரியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப்போகலாம். பந்து முழங்கால் உயரம். கோச் தன் பள்ளிக்கூடத்திலிருந்து உருட்டிக்கொண்டு வந்தது. செயலாளர் முதலில் அதை உதைத்துப் பார்த்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. செயலாளர்தான் கொஞ்சம் நகர்ந்தார்.

அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். ஆட வரவில்லை, ஐஸ் பைகள் நிறைந்த ஒரு பெட்டியோடு நிழலில் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமைக்கு இன்றைக்கே டோக்கன் போட்டுவிடலாமா என்று ஒவ்வொருவரையும் அக்கறையாக விசாரித்தார்.

ஆட்டம் தொடங்கியது. எதிரணி மற்ற பெற்றோர்கள். அவர்களுக்குச் சட்டையும் இல்லை, திட்டமும் இல்லை. செயலாளர் வரைந்திருந்த படத்தின்படி ஆரஞ்சு அணி கொஞ்ச நேரம் அவரவர் இடத்தில் நின்றது. பந்து எங்கோ அடிவானத்தில் உருண்டுகொண்டிருந்தது. இடப்பக்கம் நிறுத்தப்பட்டிருந்த வக்கீலம்மா, வாய்தாவுக்குக் காத்திருக்கும் கட்சிக்காரர் மாதிரி நின்று நின்று சலித்து, "நானும் கொஞ்சம் தொட்டுட்டு வந்துடறேனே" என்று கிளம்பினார். அவரைப் பார்த்து வலப்பக்கம் கிளம்பியது. அப்புறம் நடு. கொஞ்ச நேரத்தில் இரண்டு அணியும் ஒரே கொத்தாக, வெல்லத்தை மொய்க்கும் எறும்புகளாய்ப் பந்தைச் சுற்றி மிதிபட்டுக்கொண்டிருந்தது. எந்தக் கால் யாருடையது என்று தெரியவில்லை. இதைத்தான் குழந்தைகள் செய்யக்கூடாதென்று திட்டத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

கோலில் நிறுத்தப்பட்ட பல் டாக்டரை உலகம் மறந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் தயாராகக் குனிந்து நின்றார். பிறகு கம்பத்தில் சாய்ந்தார். பிறகு உட்கார்ந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். ஒருமுறை பந்து அவரைத் தாண்டி நிதானமாக உருண்டு போனது. அவர் அண்ணாந்து ஒரு விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டுக்கு வெளியே, பெற்றோர்கள் வழக்கமாக உட்காரும் மடக்கு நாற்காலிகளில் குழந்தைகள் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. வாராவாரம் கேட்டது போதாதா? ஓடு, நில்லு, ஏன் ஓடற, ஏன் நிக்கற, பந்தப் பாரு, ஆளப் பாரு என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆலோசனை பறந்தது. பல் டாக்டர் மகன் நாற்காலியைவிட்டு இறங்கி, இடுப்பில் கைவைத்து, கோல் கம்பத்தருகே போய் நின்றான்.

"இதுக்குத்தான் காலையில எழுப்பிக் கூட்டிட்டு வந்தேனாப்பா? இஷ்டம் இல்லன்னா சொல்லிடு. வீட்டுக்குப் போயிடலாம்."

பல் டாக்டர் எழுந்து நின்றார். பிடுங்கிய புல்லை மெதுவாகக் கீழே போட்டார். தன் குரல் வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. பற்களுக்கு நடுவே கண்ணாடியை நுழைத்துக்கொண்டு பேசுகிற தொழில். எதிரே இருப்பவர்களால் பதில் பேச முடியாது.

இடைவேளை என்று யாரும் அறிவிக்கவில்லை, தானாகவே வந்தது. ஆரஞ்சுச் சட்டைகள் ஆங்காங்கே புல்லில் கிடந்தன. ஐஸ் பெட்டி காலியானது. செயலாளர் மட்டும் விழவில்லை. மானப் பிரச்சினை. மூச்சு வாங்கியபடி, இது கட்டமைப்பின் முதற்கட்டம்தான் என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பந்து கொத்திலிருந்து எப்படியோ பிதுங்கி, அவர் முன்னால் வந்து நின்றது. சுற்றிலும் ஒருவருமில்லை. உதைத்தால் நகராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே முழங்காலாலும் தொடையாலும் முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினார். பின்னாலிருந்து கொத்து துரத்தியது. திரும்பினார், பந்து ஓடியது, வளைந்துபோய் அதைப் பிடித்தார், மறுபடி தள்ளினார். முகத்தில் இருந்த வட்டார மேலாளர் எங்கேயோ வழியில் கழன்று விழுந்துவிட்டார். வாய் பிளந்து, நாக்கு வெளியே தெரிய, கெக்கெக்கேவென்று சிரித்துக்கொண்டே அவர் அந்த லாரி வாசலுக்குள் பந்தோடு சேர்ந்து உள்ளே விழுந்தார்.

கோல்.

எழுந்ததும் அவர் செய்த முதல் காரியம், நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்து வண்டைத் தேடியதுதான். வண்டு நாற்காலியில் இல்லை. அதற்கு அடியில், இன்னொரு சிறுமியோடு குப்புறப் படுத்து, செத்த பூச்சியை எங்கோ இழுத்துப்போகும் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டு, பாத்தியா? அப்பா போட்டேன், பாத்தியா?"

வண்டு தலையைத் தூக்கி, பொய் சொல்லவும் மனமில்லாமல், அப்பாவை நோகடிக்கவும் மனமில்லாமல், "இன்னொரு தடவ போடுங்கப்பா" என்றாள்.

இன்னொரு தடவை போடுகிற நிலையில் யாருமே இல்லை. ஆட்டத்தின் மிச்சத்தை ஆடுகிறீர்களா என்று கோச் மேடம் கேட்டார். மறுப்பு ஏகமனதாக இருந்தது. அலுவலக அறைவரை நடக்க முடியாததால் செயற்குழு அங்கேயே, புல்லில் படுத்தவாக்கில் கூடியது. கழக வரலாற்றில் யாரும் எழுந்து நின்று பேசாத முதல் கூட்டம் அது. அதனாலேயே சீக்கிரம் முடிந்தது. திட்டத்தை ஆதரிப்பவர்கள் கைதூக்கலாம் என்றார்கள். ஒரு கையும் எழவில்லை. எதிர்ப்பவர்கள் என்றார்கள். பல் டாக்டர் முதலில் தூக்கினார். வக்கீலம்மா கை வராததால் காலைத் தூக்கினார். அது செல்லும் என்று தாமே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

செயலாளர் மட்டும் தூக்கவில்லை. தோற்றுப்போனதாக ஒப்புக்கொள்வது விற்பனைத் துறையில் வழக்கமில்லை. திட்டம் கைவிடப்படவில்லை, ஒத்திவைக்கப்படுகிறது என்று குறிப்பெடுக்கச் சொன்னார்.

"எது வரைக்கும் சார்?" என்றார் கோச்.

செயலாளர் கொஞ்சம் யோசித்தார். அவர் தொடை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"அதுங்களுக்கு மீசை முளைக்கட்டும் மேடம். அப்புறம் பாத்துக்கலாம்."

வண்டுக்கும் முளைக்க வேண்டுமா என்று நிழலிலிருந்து அவர் மனைவி கேட்டது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

கோச் மேடம் எழுந்தார். அவருடைய கூட்டம் அதற்குள் நாற்காலிகளைக் கவிழ்த்துவிட்டு, ஓரத்துத் துண்டு நிலத்தில் சின்னப் பந்துகளோடு தானாகவே ஆட்டத்தை ஆரம்பித்திருந்தது. பல் டாக்டர் மகன் அதில் முன்னால் இருந்தான். கோச் அந்தப் பக்கம் போகத் திரும்பியபோது செயலாளர் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், நான் போட்ட கோல்... நீங்களாவது பாத்தீங்களா?"

கோச் அவர் அருகில் வந்து, அவர் முகத்துக்கு நேராக இருக்கும்படி குந்தி உட்கார்ந்தார்.

"பாத்தேன் சார். ஒரு எடத்துல திரும்பினீங்க பாருங்க, ரொம்ப நல்லா இருந்துச்சு."

செயலாளர் மறுபடியும் புல்லில் சாய்ந்தார். அவர் கம்பெனி தயாரித்த எந்த மெத்தையிலும் அத்தனை சுகமாக அவர் படுத்ததில்லை.