ஓட்டிலியாவின் ஒரு நிமிடம்

கலைக்கப்படும் குழுக்களின் பட்டியலைத் தலைவர் மெர்ரிக் வாசிக்கத் தொடங்கியபோது, வெர்லின் ஹாட்ஜ் மேசைக்கடியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போலீஸைக் கேள்வி கேட்கவென்று ஊர்க்காரர்களிலிருந்தே பொறுக்கியெடுத்த ஆணையம் அது. பெரிய பெயர், சம்பளம்தான் கிடையாது. அதன் கீழே ஐந்து தற்காலிகக் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஆயுசு ஒரு வருஷம். அதற்குள் அறிக்கையை நிறைவேற்றிக் கொடுத்தால் ஆயிற்று, இல்லாவிட்டால் செய்ததெல்லாம் குப்பைக்கு. ஐந்தாவது குழு வெர்லினுடையது. முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள், ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை என்று இன்றும் பீற்றிக்கொள்கிறவள்.

முன்வரிசையில் ஓட்டிலியா உட்கார்ந்திருந்தாள். மகன் எஃப்ராயின் மூன்று நாளாகத் தூங்காமல் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று உதவி கேட்டுப் போன் செய்தவள். வந்தது போலீஸ். அவனைச் சமையலறையிலேயே சுட்டுவிட்டார்கள். "இந்த மாதிரி வீட்டுக்கு முதல்ல வைத்தியம் தெரிஞ்சவங்க போகட்டும், துப்பாக்கி பின்னால வரட்டும்." அவள் கேட்டது அவ்வளவுதான். அதைத்தான் வெர்லினின் குழு பதினொரு மாதம் மல்லுக்கட்டி விதியாக எழுதியது.

கைக்கு எட்டிவிட்டதுதான். விதி அடங்கிய அறிக்கையை நிறைவேற்றவேண்டிய கடைசிக் கூட்டத்தின் அறிவிப்பை மூன்று நாள் முன்னதாக நகர மன்ற வாசலில் ஒட்டவேண்டும். ஒட்டுவது வெர்லின் பொறுப்பு. அன்று நல்ல மழை, முழங்கால் வேறு குத்தியது. நாளைக் காலையில் ஒட்டினால் குடியா முழுகிவிடும் என்று இருந்துவிட்டாள். முழுகித்தான் போனது. அறிவிப்பு தாமதம், கூட்டம் செல்லாது என்றார் நகர வக்கீல். மறு கூட்டம் போடுவதற்குள் வருஷம் முடிந்துவிட்டது. ஓட்டிலியாவிடம், "காலக்கெடு தாண்டிடுச்சு கண்ணு," என்று மட்டும் சொன்னாள். என்னவோ காலக்கெடு தானாகவே தாண்டிப் போனதுபோல. அந்த வெட்கம் பத்து நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"அஞ்சாவது குழு. யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

வெர்லின் எழுந்தாள். "ஆட்சேபம் இல்ல. ஆனா ஜனங்க கருத்து சொல்ற வரிசையில நின்னு ஒண்ணு சொல்லணும்."

"உங்க மைக்குதான் உங்க முன்னாலயே இருக்கே, கமிஷனர்."

"இத இங்க உக்காந்து சொல்ல முடியாது."

மெர்ரிக் பெருமூச்சு விட்டார். "அப்ப வரிசைக்குப் போங்க. ஆளுக்கு ஒரு நிமிஷம்தான். உங்களுக்கும் அதேதான்."

வெர்லின் மேடையிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கி, முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து வரிசையில் நின்றிருந்த ஓட்டிலியாவின் பின்னால் போய் நின்றாள். ஓட்டிலியா திரும்பிப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் உங்களுக்கு எப்படிப் பத்தும், மிஸ் வெர்லின்? எனக்காகத்தான பேசப் போறீங்க?"

வெர்லின் தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்றா இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை.

ஓட்டிலியா மைக்கின் முன்னால் போய் நின்றாள். "என்னோட நிமிஷத்த இவங்களுக்குக் கொடுக்கறேன். நான் போன் பண்ணினப்பல்லாம் எடுத்தது இவங்க ஒருத்தங்கதான்." மைக்கை வெர்லினின் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

பேசுபவரின் நேரத்தை எண்ணும் சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பேரின் நிமிஷமும் சேர்ந்து 2:00 என்று வந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"அந்த அறிவிப்ப ஒட்டவேண்டியது நான்," என்றாள் வெர்லின். "அன்னிக்கு மழை பேஞ்சுது."

குரல் நடுங்குவதைக் கேட்டு, ஓட்டிலியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடிகாரம் 1:51 என்றது.