வலியைத் தள்ளிப்போடும் மருந்து

ஓடும் பேருந்தில் டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடிப்பது என் வேலை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர், நல்லா இருக்கேன்" என்று என் தம்பியின் மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி நர்ஸிடம் சொன்னபோதும் அதே முகம்தான். பார்வை ஜன்னல் பக்கம், தேவைக்கு மேல் ஒரு சிரிப்பு.

ஏழாம் மாதத்திலேயே வலி வந்து, காலையில் கொண்டுவந்து சேர்த்திருந்தேன். கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்து பிரசவத்தை நிறுத்தாது, கொஞ்சம் தள்ளித்தான் போடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அவகாசத்தில் பிள்ளையின் நுரையீரல் தேற இரண்டு ஊசி. ஒன்று போட்டாயிற்று, அடுத்தது நாளைக்கு. அதுவரை பிள்ளை உள்ளேயே இருக்க வேண்டும். போன வருஷம் ஒன்று தங்காமல் போன வீடு எங்களுடையது. வெளியூர் வேலைக்குப் போயிருந்த தம்பி வேறு, நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் செய்து, "மருந்து ஏறுதாக்கா?" என்று பிராணனை வாங்கினான்.

நர்ஸ் நகர்ந்ததும் போர்வையை விலக்கினேன். அவள் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. நாடியைப் பிடித்தால் குதிரை ஓட்டம்.

"ஏம்மா, நெஞ்சு படபடன்னு அடிச்சா உடனே சொல்லணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல?"

"மெதுவா பேசுங்க அண்ணி. சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க. நாளைக்கு வரைக்கும் தாங்கிக்குவேன்."

"மூச்சு வாங்குதே உனக்கு!"

"வாங்கட்டும். நீங்க வாயத் திறக்காதீங்க."

கட்டிலுக்கும் வராந்தாவுக்குமாக நடந்தேன். உட்கார முடியவில்லை. சொல்லி, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், நாத்தனார் போட்டுக் கொடுத்துக் கெடுத்தாள் என்று காலத்துக்கும் பேச்சு நிற்கும். சொல்லாவிட்டால்? எட்டிப் பார்த்தேன். அவள் வாயால் மூச்சை இழுத்தபடி, சொட்டும் மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேராகப் போய் நர்ஸிடம் சொல்லிவிட்டேன்.

மருந்தை நிறுத்தினார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். "நுரையீரல்ல நீர் கோக்க ஆரம்பிச்சிருக்கு. விட்டிருந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. இனி வலி வந்தா வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

அவள் என்னைப் பார்த்து, "திருப்தியா?" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தம்பி அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தான். வலி வருவதும் அடங்குவதுமாக மறுநாள்வரை இழுத்தடித்தது. நல்லவேளையாக இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. ஆனால் அவள் என்னிடம் பேசவே இல்லை. தண்ணீரைக்கூடத் தம்பி கையால்தான் வாங்கிக் குடித்தாள். எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போய்த் தொலையலாம் என்று பையைக்கூட எடுத்துவிட்டேன். கால்தான் நகரவில்லை.

அதற்கடுத்த நாள் வலி விடாமல் பிடித்துக்கொண்டது. பிரசவ அறைக்குள் கூட ஒருவர்தான் வரலாம் என்றார் நர்ஸ். தம்பி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான்.

"இவரு வேணாம் சிஸ்டர்" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் எது சொன்னாலும் தலைய ஆட்டிக்கிட்டு நிப்பாரு. எங்க அண்ணி வரட்டும்."