ஃப்ரேமுக்குள் வந்தவள்

என் முதுகை மகாராஷ்டிரம் முழுக்கப் பார்த்திருக்கிறது. முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. தொண்ணூறுகளில் வந்த மராத்தி, ஹிந்திப் படங்களில் கதாநாயகிக்குப் பதிலாக ஓடியது, விழுந்தது, மாடியிலிருந்து குதித்தது எல்லாம் நான்தான். மும்தாஜ் என்று பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. எங்களை டூப் என்பார்கள். கதாநாயகியின் புடவையைக் கட்டிக்கொண்டு, அவளைப் போலவே சவுரி வைத்துக்கொண்டு, வெடிகளுக்கு நடுவே ஓடிவிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்து வடாபாவ் தின்போம்.

பயமாக இருக்காதா என்று கேட்பார்கள். இருக்காமல் என்ன? ஒவ்வொரு தடவையும் இருக்கும். ஆனால் எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிந்த பயம் அது. வெடி வைப்பவர் ஆரோக்கியசாமி அண்ணன். எங்கள் திண்டுக்கல் பக்கத்து ஆள். கிர்க்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். வந்த பிறகும் தொழிற்சாலைப் பழக்கம் போகவில்லை. மருந்து இருக்கும் இடத்துக்குள் ஆணி அடித்த செருப்போடு நுழையக் கூடாதாம், பொறி பறக்குமாம். அதனால் மண்ணுக்குள் வெடியைப் புதைத்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். முள்ளோ கல்லோ, வெறுங்கால்தான். வெடித்து முடிந்த பிறகுதான் மறுபடி மாட்டுவார். அண்ணன் காலைப் பார்த்தாலே மண்ணுக்குள் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வெடிக்கு மேலும் ஒரு சிவப்புக் கொடி குத்துவார். ஓடுகிறவள் அதைப் பார்த்து வழியை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அவர் தூரத்தில் நின்று கொடிகளைக் கையால் காட்டுவார். நான் தலையாட்ட வேண்டும். ஆட்டினால் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார், கேமராவில் தெரியக் கூடாதே. அந்தத் தலையாட்டல்தான் எங்களுக்குள் சத்தியம். இன்னொரு சட்டமும் இருந்தது. டேக் நடக்கும்போது வேறு யாராவது, ஒரு நாயாகவே இருந்தாலும், ஃப்ரேமுக்குள் வந்துவிட்டால் 'கட்'. ஃபிலிம் வீணாய்ப் போயிற்றே என்று டைரக்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். ஆனால் எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இரண்டாயிரத்து ஐந்தில் என் மகள் ஷபானாவுக்கு ஒரு ஹிந்திப் படத்தில் சின்ன வேஷம் வந்தது. கல்குவாரியில் வேலை செய்யும் பெண். குவாரி முழுக்க வெடிக்கும்போது கேமராவைப் பார்த்து ஓடி வர வேண்டும். முதுகு இல்லை, முகம்! பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ சோறு இறங்கவில்லை. என் மகள் வெடிக்குள் ஓட வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றேன்.

என்னைச் சமாதானப்படுத்த பாணேரிலிருந்து கௌஷிக் என்ற பையனை அனுப்பினார்கள். கம்ப்யூட்டரில் படம் பண்ணுகிறவன். தமிழ் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் தமிழை நொண்டி நொண்டிப் பேசுவான்.

"ஆன்ட்டி, ஒண்ணுமே வெடிக்காது. காலி கிரவுண்டு. பூரா கம்ப்யூட்டர்ல பண்ணுவோம்."

"அப்ப எது வழியா ஓடணும்?"

"எங்க வேணா ஓடலாம். அவ எங்க ஓடுறாளோ, அத பாத்து நாங்க பாம் போடுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெடி இல்லாத இடமாகப் பார்த்து நாங்கள் ஓடினோம். இப்போது ஓடுகிற இடத்தைப் பார்த்து வெடி வருமாம்! கொடுத்துவைத்த காலம் என்று நினைத்தேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மோஷிப் பக்கம் ஒரு பழைய குவாரியில் படப்பிடிப்பு. கௌஷிக்கின் ஆட்கள் தரையெங்கும் குச்சி நட்டு, அதன் தலையில் ரோஸ் நிறப் பந்துகளைச் செருகியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு அளவு தெரிய அது வேண்டுமாம்.

"இது எதுவும் உனக்கு இல்ல. நீ பாட்டுக்கு ஓடு. தரையில என்ன தெரிஞ்சாலும் அழிச்சிடுவோம்" என்று ஷபானாவிடம் சொன்னான்.

ஆரோக்கியசாமி அண்ணனும் வந்திருந்தார். சும்மா புகை போட மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். செருப்பும் காலுமாக ஒரு பாறை மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் டேக்கில் ஷபானா ஓடி வந்தாள். நன்றாகத்தான் ஓடினாள். ஆனால் ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவளைப் போல ஓடினாள். வெறும் பந்துகளைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? இரண்டாவது டேக்கில் சிரித்தே விட்டாள். டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். எனக்குத் தலைவலி வந்தது. டீ குடிக்கலாம் என்று ரோட்டோரம் நின்ற சாப்பாட்டு வண்டிக்குப் போனேன்.

நான் போன பிறகு நடந்ததைப் பின்னால் ஆளாளுக்குச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டைரக்டர் அண்ணனைக் கூப்பிட்டு, நிஜமாகவே மண் கொஞ்சம் எழும்பினால்தான் இவள் முகத்தில் ஏதாவது வரும், இடது பக்கம் இரண்டு சின்ன வெடி வையுங்கள் என்றிருக்கிறார். மணலில் வைத்தால் அது சின்ன வெடிதான். குவாரியில் வைத்தால் ஜல்லியாகப் பறக்கும், அந்த நேரம் மேலே நிற்கிறவளுக்குக் கால் இருக்காது. அண்ணன் அதெல்லாம் தெரிந்து, பக்குவமாகப் புதைத்து, சிவப்புக் கொடி குத்தி, தூரத்திலிருந்து ஷபானாவுக்குக் கையால் காட்டியிருக்கிறார். அவள் தலையாட்டியிருக்கிறாள்.

என் மகள்தானே, சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று அவர் நினைத்துவிட்டார். ரெடியா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துவிட்டாள். அத்தனை பந்துகளுக்கு நடுவே இரண்டு கொடிகள்! அதுவும் கம்ப்யூட்டர் சாமான் என்றே இருந்துவிட்டாள். அசிஸ்டென்ட் பையன்களோ, பெரியவர் சொல்லியிருப்பார் என்று சும்மா இருந்துவிட்டார்கள். அண்ணன் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டார்.

டீயைக் குடித்தபடியே திரும்பினேன். ஜெனரேட்டர் காதைக் கிழித்தது. எதிர்ப்பக்கம், குழியைத் தாண்டி, அண்ணன் சுருட்டிய கொடிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

வெறுங்காலோடு.

கையிலிருந்த பிளாஸ்டிக் கப் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. எனக்காக எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன். அதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "அண்ணே!" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. முன்பெல்லாம் ஓடுகிறவள் மேல் கண்ணை வைத்தபடியே அவர் பட்டனை அழுத்துவார். இந்த ஷாட்டில் குவாரி முழுக்கத் தெரிய வேண்டும் என்று அவரைப் பாறைக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்கள். வாக்கி-டாக்கியில் டைரக்டர் சொன்னால் ஒரு பையன் அவர் தோளைத் தட்டுவான், அவர் அழுத்துவார். அவ்வளவுதான்.

"ஆக்‌ஷன்!"

ஷபானா ஓடத் தொடங்கினாள். எங்கே வேண்டுமானாலும் ஓடலாம் என்று சொல்லியிருந்தார்களே, அவள் பாட்டுக்கு இடது பக்கமாக ஒதுங்கி ஓடி வந்தாள்.

எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் ஞாபகம் வந்தது. ஃப்ரேமுக்குள் போனால் போதும், எல்லாம் நின்றுவிடும். செருப்பை உதறிவிட்டுக் கேமராவுக்கு முன்னால் பாய்ந்தேன். கைகள் இரண்டையும் தூக்கி ஆட்டினேன். "கட் சொல்லுங்க! நிறுத்துங்க!"

பின்னால் அசிஸ்டென்ட் யாரோ "சார், ஃப்ரேமில் ஒரு பொம்பளை!" என்று ஹிந்தியில் கத்துவது கேட்டது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். உடனே டைரக்டரின் குரல் கேட்டது. "கௌஷிக், இவளை அழித்துவிட முடியுமா?"

"ஹோ ஜாயேகா, சார்."

"சல்னே தோ! ரோலிங்!"

அழித்துவிடலாமாம். அதனால் நடக்கட்டுமாம். எந்த வேலிக்குப் பின்னால் இத்தனை காலம் தைரியமாக நின்றேனோ, அந்த வேலியே அங்கு இல்லை. நான் ஃப்ரேமுக்குள் நிற்கிறேன், யாருக்கும் நான் ஒரு பொருட்டில்லை. இப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் அறியவில்லை, பின்னும் அறியவில்லை.

ஓடினேன். எந்த இடத்தில் புதைத்திருக்கிறார் என்று எனக்கும் தெரியாது. ஒவ்வொரு அடியும் எதன் மேல் விழுகிறதோ என்று உள்ளங்கால் கூசியது. அல்லா, அல்லா என்று வாய் முணுமுணுத்தது. ஷபானா என்னைப் பார்த்துவிட்டாள். அம்மா ஏன் இப்படித் தலைவிரி கோலமாக ஓடி வருகிறாள் என்று முதலில் திகைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். "அம்மா!" என்றாள்.

எந்தப் பக்கம் என்று யோசிக்க நேரமில்லை, முழுப் பலத்தோடு அவளைப் பக்கவாட்டில் தள்ளினேன். அவள் போய் விழுந்தாள். பக்கத்தில் மண் வெடித்து, பூமி என் காலுக்கு அடியில் ஒரு உதறு உதறியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

கண் திறந்தபோது ஆரோக்கியசாமி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். வாய் அசைவதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வலது காது திறந்தது.

"தலையாட்டுச்சே, தங்கச்சி! புள்ள தலையாட்டுச்சே!"

"ரெடியான்னு கேக்குறாருன்னு நெனச்சேன்மா" என்று ஷபானா தேம்பினாள். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். என் இடது கெண்டைக்காலில் ஜல்லி புகுந்து சதையைப் பிய்த்திருந்தது. அந்தக் கால் இன்றும் இழுக்கிறது. இடது காதுக்குள் ஒரு விசில், அதுவும் நிற்கவில்லை.

டைரக்டர் ஓடி வந்தார். என்னைப் பார்த்து ஐயோ என்றார், வண்டியைக் கூப்பிட்டார், எல்லாம் செய்தார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நடுவில் ஷபானாவைப் பார்த்து, "என்ன எக்ஸ்பிரஷன்!" என்றும் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கைக்கு எட்டிய கௌஷிக்கின் சட்டையைப் பிடித்தேன்.

"கட் சொல்ல வாய் வரலையாடா?"

அந்தப் பையன் அழுதான். "மண்ணுல பாம் இருக்குன்னு தெரியும் ஆன்ட்டி. அவளுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியல. எதாவது ஃப்ரேம்ல வந்தா அழிக்க முடியுமான்னு கேப்பாங்க. முடியும்னு சொல்லியே பழக்கமாயிடுச்சு."

விட்டுவிட்டேன். அவன் பொய் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் படம் வந்தது. சிஞ்ச்வட்டில் ஒரு தியேட்டருக்கு ஷபானாவும் நானும் போனோம். அந்த இடம் வந்ததும் ஜனங்கள் விசிலடித்தார்கள். குவாரி முழுக்க மாடி உயரத்துக்கு நெருப்பு! லாரிகள் பறந்தன, பாறைகள் உருண்டன. நான் அசையவில்லை. அந்த நெருப்பில் என் வீட்டு அப்பளம்கூடச் சுடாது.

பிறகு என் மகளின் முகம் திரை அகலத்துக்கு வந்தது. கண்கள் பிதுங்க எதையோ பார்க்கிறாள். வாய் அம்மா என்று குவிகிறது, சத்தம் இல்லை, பின்னணி வாத்தியங்கள் முழங்குகின்றன. அவள் பார்க்கிற இடத்தில் வெறும் மண். திடீரென்று அவள் பக்கவாட்டில் தூக்கி எறியப்படுகிறாள். தள்ளியது யார்? கையும் இல்லை, ஆளும் இல்லை. மண் எழும்புகிறது, ஜல்லி பறக்கிறது. நான் விழுந்து கிடந்த இடத்தில் கல்லும் புகையுமாக எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார்கள்! என் ரத்தத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

அன்றைக்கு நான் செத்திருந்தாலும் இப்படித்தான் அழித்திருப்பார்கள். ஜனங்கள் இதே இடத்தில் இதே விசிலை அடித்திருப்பார்கள். கெண்டைக்காலைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். தழும்பு இருந்தது.

இருட்டில் ஒரு கை என் தோளைத் தடவி, கழுத்துக்கு வந்து, கன்னத்தை அழுத்திப் பிடித்தது. ஷபானாவின் கை, சில்லிட்டிருந்தது.

"என்னடி?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். "நீ இருக்கியான்னு பாத்தேன்."