தவசியின் மாத்திரையும் மதியக் கொடையும்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை கோவில்பட்டியில் ஒரு நரம்பு டாக்டரின் அறைவாசலில் ஒட்டுக்கேட்டது. உள்ளே கழுகுமலைப் பக்கத்து ஆட்டுக்காரர் தவசி, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி பொன்மணி.

"மூளையில சேருத கொழுப்புக் கழிவக் கரைக்க ஒரு நொதி உண்டு. உங்களுக்கு அது பிறவியிலயே குறைச்சல்," என்றார் டாக்டர். "கழிவு தேங்கத் தேங்க, அங்கன உள்ள புரதம் கட்டிகட்டியாத் திரளுது. அதான் நடுக்கம்."

"ஊருல அதச் சாமின்னுல்லா சொல்லுதாவ," என்றார் தவசி.

2

கரிசல் மண் மழையில் கட்டிதட்டுவதுபோல அந்தப் புரதம்— (அடித்துவிட்டேன். இந்தக் கரிசல் சீமையில் எழுதுகிறவனுக்கு எதற்கெடுத்தாலும் மண்தான்.)

நடந்தது இதுதான். ஆறு வருஷம் முன்பு ஊர்க்கோயில் திருவிழாவான கொடையில் தவசியின் கை தானாக ஆடியது. மேளக்காரர் அடியை முறுக்கினார், ஊர் குலவையிட்டது. அன்றிலிருந்து அவர் சாமியாடி. டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்காதவர்களெல்லாம் திருநீறு கேட்டு நின்றார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

டாக்டர் கொடுத்த மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் நடுக்கம் பாதி அடங்கிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை மதியக் கொடை, சாமியாடி ஆடியாக வேண்டும். தர்மகர்த்தா ஜெயபாண்டி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு வாரம் மாத்திரைய நிப்பாட்டுங்க. சாமி வந்துட்டுப் போகட்டும்."

"நிப்பாட்டுனா இவிய ஒடம்பு மரக்கட்டையாப் போகும். தண்ணி முழுங்க முடியாது," என்றாள் பொன்மணி. "சாமி போன பொறவு சோறு ஊட்டப்போறது நீங்களா?"

"எல்லாம் சாமிக்குத் தெரியும்மா."

"அப்பம் மாத்திரையும் தெரியும்லா."

3

முடிவு அ: மாத்திரை போடுகிறார். கை ஆடவில்லை. சாமி ஜெயபாண்டியின் மச்சினன்மேல் இறங்கிவிடுகிறது. (நடக்கக்கூடியதுதான். மூன்று வருஷமாக ஒத்திகை பார்க்கிறான்.)

முடிவு ஆ: போடவில்லை. அமோகமாக ஆடுகிறார். மறுநாள் எழுந்திருக்க—

எனக்கு 'ஆ'தான் நல்ல கதை, படிக்கிறவர்கள் கண்கலங்குவார்கள். ஆனால் அதற்குத் தவசி நடுங்கியாக வேண்டும். ஜெயபாண்டி கொடைக்குக் கேட்டதை நான் கதைக்குக் கேட்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

4

அதனால் தவசியிடமே கேட்டேன், உங்களுக்கு என்ன வேண்டுமென்று. அதுவரை யாரும் கேட்கவில்லை.

"சட்டைப் பித்தான நானே மாட்டணும்வே. ஆறு வருசமா இவதான் மாட்டிவிடுதா."

இன்று செவ்வாய். மேளம் கேட்கிறது. ஜெயபாண்டி வாசலில் நிற்கிறார். பொன்மணியின் ஒரு கையில் மாத்திரை, மறுகையில் தண்ணீர்ச் செம்பு. சாமியாடி வெற்றுடம்போடு போவதுதான் வழக்கம். தவசி சட்டை போட்டிருக்கிறார்; பித்தான்கள் மாட்டாமல் கிடக்கின்றன.

நான் பேனாவை மூடிவிட்டேன். கை நடுங்காத நீங்கள் யாராவது முடித்துவிடுங்கள்.